அந்தி பட்டால் போகிற கெமரா

என் கணவர் கட்டாரில் சாரதியாக வேலை செய்கிறார். கல்முனைக்குடியில் இருக்கிற எங்கள் வீட்டை அவர் அங்கிருந்தபடியே மூன்று கெமராக்களால் பார்ப்பார். ஒன்று கேற்றடியை, ஒன்று கிணற்றடியை, மற்றது ஹோலை. போன வருடம் கொஞ்சக் காலம் இந்த மூன்றும் ஒவ்வொரு நாளும் அந்தி பட்டதும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக நின்றுபோயின. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத் தாமாகவே திரும்பி வந்தன. ஏன் போகின்றன, ஏன் வருகின்றன என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கெமரா பூட்டிய கதை தண்ணீர் மோட்டரில் தொடங்குகிறது. அவர் லீவில் வந்து நின்றபோது, கிணற்றடியில் இருந்த மோட்டரை யாரோ பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தோம். இவருக்கு அது மானப் பிரச்சினையாகப் போய்விட்டது. தான் நிற்கும்போதே மோட்டரைக் கழற்றுகிறவன் தான் போனபிறகு எதைத்தான் விட்டுவைப்பான் என்று வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். புது மோட்டர் வாங்கிய கையோடு டவுனுக்குப் போய் ஒரு கெமராக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கெமராக்காரர் சாய்ந்தமருதைச் சேர்ந்த குடும்பஸ்தர். ஏணியில் நின்றபடியே தேத்தண்ணீர் குடிப்பார், சுவரைத் துளைக்கும்போது பிஸ்மி சொல்லுவார். ரவுட்டர் அதுவரை என் அறை மேசையில்தான் இருந்தது. அங்கிருந்து கிணற்றடிக்கு சிக்னல் போகாது என்று அதைத் தூக்கி ஹோலுக்குக் கொண்டுவந்தார். டி.வி. அலுமாரிக்குப் பின்னால் வைத்தால் பெட்டியும் வயரும் கண்ணுக்குத் தெரியாது, வடிவாக இருக்கும் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெட்டியின் விளக்குகள் சுவரைப் பார்த்தபடி இருந்தன. அதைப் பற்றி அன்றைக்கு யார் யோசித்தது?

கேற்றுக்கும் கிணற்றுக்கும் கெமரா வைப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஹோலுக்கு என்றபோதுதான் வாய் திறந்தேன்.

"ஹோலுக்கு என்னத்துக்கு கெமரா? மோட்டர ஹோலுக்குள்ளயா வச்சிரிக்கம்?"

"உம்மா இரிக்கா. வயசு போன ஆள். விழுந்து கிழுந்தா ஆருக்குத் தெரியும்?" என்றார்.

என் உம்மாவைச் சாட்டி என்னைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. மறைக்க வேண்டியதில்லை, அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கலியாணம் முடித்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு மனிதன் என்னைப் பார்ப்பதற்கு உம்மாவைச் சாட்டுச் சொல்கிறார் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது. சரி, வையுங்கள் என்று விட்டுவிட்டேன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு என் பெயரில் இருக்கிறது. எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வாப்பா ஒரே வளவுக்குள் ராத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கட்டித் தந்துவிட்டு, தானும் உம்மாவும் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்தார்கள். வாப்பா மௌத்தானபிறகு உம்மா என்னோடு வந்துவிட்டார். என் ஒரே மகள் கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே வீட்டில் நானும் உம்மாவும் மட்டும்தான். நான் பகலில் கல்முனையில் ஒரு அரச அலுவலகத்துக்குப் போய்விடுவேன்.

மருமகன் லீவில் நின்ற காலம் முழுக்க உம்மா ஹோல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மருமகனுக்கு முன்னால் மாமி காலை நீட்டி இருந்து டி.வி. பார்ப்பது உம்மாவின் சட்டத்தில் இல்லை. அவர் விமானம் ஏறியபிறகுதான் உம்மா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தார். வந்ததும் கெமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுக்கு எந்த மூல தெரியா?" என்று கேட்டார். கெமராவுக்கு நேர் கீழே, டி.வி.க்குப் பக்கத்துச் சுவரோரம் தெரியாது என்றேன். கதிரையை அங்கே போட்டார். டி.வி.யைக் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த மூலையை விட்டு உம்மா அசையவில்லை.

தொடக்கத்தில் கெமரா நல்ல விளையாட்டாக இருந்தது. நான் அலுவலகத்தில் இருக்கும்போது, "ராத்தாட கோழி நம்மட கீரையக் கிளறுது, ஆருக்காவது செல்லு" என்று கட்டாரிலிருந்து செய்தி வரும். ஒரு விடுமுறை நாளில் குசினிக்குள் நின்றேன், போன் அடித்தது. "மழ வருது புள்ள, உடுப்ப எடு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் உண்மையாகவே கடல் பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது. எங்கேயோ பாலைவனத்தில் இருக்கிற மனிதன் என் கொடியில் காயும் உடுப்பைக் காப்பாற்றிவிட்டார். நான் இதை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் அவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வேறொரு குரல், "ஊட்ட ஆரோ வந்திரிக்காங்க போல மச்சான்" என்றது. எனக்குத் திக்கென்றது. அவர் அறையில் இன்னும் பல பேர் இருக்கிறார்கள். எல்லோரும் நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள், நல்லவர்கள்தான், ஆனால் ஆண்கள். இவர் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு என் ஹோலைப் பார்த்தபடி சோறு தின்கிறார் என்றால், போகிற வருகிற எல்லோரும் பார்க்கத்தானே செய்வார்கள். அன்றிலிருந்து நான் என் சொந்த ஹோலில் முக்காடு போட்டுக்கொண்டு திரிந்தேன். வெக்கைக் காலத்தில் கழுத்தெல்லாம் வேர்க்கும். வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டில் நானே விருந்தாளி மாதிரி ஆகிவிட்டேன் என்று எரிச்சலாக இருந்தது. அதை அவரிடம் ஒருமுறை சொன்னேன். "நான் அவங்களுக்குக் காட்டுறல்ல புள்ள" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்துபோனது.

கெமரா போகத் தொடங்கியது இதற்குப் பிறகு.

"கெமரா போச்சு. ஊட்ட கரண்ட் இல்லயா?" இதுதான் முதல் செய்தி. இங்கே அந்தி, அங்கே அவருக்குப் பின்னேரம். வேலை முடிந்து அறைக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கட்டிலில் சாய்ந்து போனைத் திறக்கிற நேரம். நான் அதைப் பார்த்தபோது இரவாகிவிட்டது. பள்ளியில் அந்தித் தொழுகையான மஃரிபுக்கு வாங்கு சொல்லி அழைத்தபிறகு நானும் உம்மாவும் போனைத் தொடமாட்டோம். கை கால் முகம் கழுவி வுழு எடுப்போம், தொழுவோம், இருந்து ஓதுவோம். அதன்பிறகு நான் குசினிக்குள் போய்விடுவேன். உம்மா இரவுத் தொழுகையான இஷாவும் தொழும்வரை பாயை விட்டு எழும்பமாட்டார். எனக்குக் கை ஓயும் நேரத்தில் கெமராவும் திரும்பி வந்திருக்கும். "கரண்ட் இரிக்கி. கெமராவும் நல்லாத்தான் வேல செய்யிது" என்று பதில் போட்டேன். அடுத்த நாளும் அதே செய்தி, அதே பதில்.

நான் சும்மா இருக்கவில்லை. ரவுட்டர் கம்பனிக்கு போன் எடுத்தேன். பேசிய பிள்ளை மிக மரியாதையாக, "மெடம், ஒருக்கா ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்றாள். செய்தேன். அந்தியில் திரும்பவும் போனது. மறுபடி எடுத்தபோது வேறொருவர், பின்னேரத்தில் ஆட்கள் கூடப் பாவிக்கிற நேரம், டவர் தாங்காது என்றார். நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அதே கம்பனி சிம் போட்ட என் போனில் அந்த நேரத்திலும் டேட்டா குதிரை மாதிரி ஓடியது.

அடுத்து ராத்தாவின் பிள்ளைகள் மேல் சந்தேகம் வந்தது. எங்கள் வைஃபையின் ரகசியச் சொல் வளவு முழுக்கத் தெரியும். பள்ளிக்கூடம், ரியூசன் எல்லாம் முடித்து அவர்கள் போனோடு குந்துகிற நேரமும் அந்திதான். ரகசியச் சொல்லை மாற்றினேன். பிள்ளைகள் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ராத்தா ஒரு வாரம் கறி அனுப்பவில்லை. கெமரா மட்டும் தன் பாட்டில் போய்த் தன் பாட்டில் வந்தது. பழைய சொல்லையே திரும்பப் போட்டு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, கறியை மீட்டெடுத்தேன்.

கெமராக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஓய்வு காலையில்தான். காலையில் வந்தால் எங்கள் கெமராக்களைப் போல ஒழுங்கானவை உலகத்தில் இல்லை. ஏணியில் ஏறினார், இறங்கினார். கடல் காற்று உப்பு, வயர் முனையெல்லாம் துருப்பிடிக்கும் என்று எல்லாவற்றையும் துடைத்து நாடா சுற்றினார். "ராத்தா, கெமரா நல்லம். லைன்தான் பிரச்சின" என்று என்னிடம் சொன்னார். கம்பனிக்காரர்கள் லைன் நல்லது, கெமராதான் பிரச்சினை என்றார்கள். இருவரும் சொல்வதைக் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் ஏதோ பிரச்சினை.

போகும்போது அவர் உம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டார். "உம்மா, ஆரும் ரவுட்டர நிப்பாட்டுறயா?"

"இல்ல மகன். அந்தப் பெட்டிய நான் கண்ணாலயும் கண்டல்ல" என்றார் உம்மா. அது முழு உண்மை.

ஒரு நாள் மஃரிப் தொழுது முடிந்தவுடன் போனை எடுத்துப் பார்த்தேன். வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை. சிக்னல் குறைந்தால் பெயர் இருக்கும், கோடு குறையும். பெயரே இல்லையென்றால் பெட்டி அணைந்து கிடக்கிறது என்று பொருள். இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது, டவர் அடியோடு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு புட்டு அவிக்கப் போய்விட்டேன்.

இதற்கிடையில் அவருடைய செய்திகளின் சாயல் மாறிக்கொண்டு வந்தது. முன்பு "கெமரா போச்சு" என்று வரும். பிறகு "திரும்பவும் போச்சு" என்று வந்தது. பிறகு கெமராவைப் பற்றி ஒன்றுமில்லை. "எங்க நிண்ட?" என்று மட்டும் வந்தது.

"எங்க நிப்பன்? தொழுதுபோட்டு குசினிக்க நிண்ட."

"இவ்வளவு நேரமுமா?"

"சமைக்க நேரம் போகாதா?"

நான் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெயிலில் வண்டி ஓட்டிக் களைத்து வருகிற மனிதன், பார்க்கிற ஒரேயொரு படமும் போய்விட்டால் சினம் வரும்தான் என்று நினைத்தேன். ஒருமுறை, "நீ ஹோல் கெமராவ விருப்பமில்லாம நிப்பாட்டுறயா? அப்பிடியெண்டா செல்லு, நான் ஒண்டும் நெனைக்கமாட்டன்" என்றார். நான் நிறுத்தவில்லை என்றேன். "சரி" என்றார். அந்தச் "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சம்மாந்துறையில் தம்பியின் மகனுக்கு சுன்னத் வைத்தார்கள். தம்பி கலியாணம் முடித்து அங்கே மனைவி வீட்டில் இருக்கிறான். நானும் உம்மாவும் வெள்ளிக்கிழமை போய் இரண்டு இரவு தங்கினோம். வீட்டைப் பூட்டித் திறப்பை ராத்தாவிடம் கொடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, வீரமுனை தாண்டுவதற்குள் உம்மா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கட்டாரிலிருந்து அவருடைய செய்தி வந்தது.

"நீ ஊட்ட இல்லாத நாள் ரெண்டும் கெமரா போகவே இல்ல. நீ நிண்டாத்தான் போகுது."

அதற்குக் கீழே வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அதைக்கூட ஒரு நல்ல தகவலாகத்தான் எடுத்தேன். யாரும் இல்லாவிட்டால் போகவில்லை, அப்படியானால் நாங்கள் பாவிக்கிற ஏதோ ஒன்றுதான் அதைக் குழப்புகிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஃபேனா, கிரைண்டரா, அயன் பெட்டியா என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு வந்தேன். பஸ் எங்கள் சந்தியில் நின்று, உம்மாவை எழுப்பி, பையைத் தூக்கி இறங்கும்போதுதான் அந்த வரியின் மற்றப் பக்கம் எனக்குத் தெரிந்தது. நீ நின்றால்தான் போகிறது. ஒவ்வொரு அந்தியும், ஒரு மணித்தியாலம். கேற்றும் தெரியாது, கிணற்றடியும் தெரியாது, ஹோலும் தெரியாது. அந்த நேரத்தில் கேற்றால் யாரும் வரலாம், போகலாம்.

எனக்கு அவ்வளவு கோபம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. சந்தியிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் நான் அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் வாய்க்குள் கேட்டு முடித்துவிட்டேன். உம்மா, "என்ன மகள், தனியக் கதைச்சிக்கொண்டு வாறாய்?" என்றார். கால் நோகிறது என்று சொன்னேன்.

ஆனால் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லையே. கெமரா போகிறது என்றுதான் சொன்னார். நான் வாயைத் திறந்து, நீங்கள் என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டால், அவர் இல்லை என்பார். அந்த இல்லையை நான் நம்பமாட்டேன். கெமராவும் நாளைக்கு அந்தியில் போகும். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். என் வீட்டில், என் நேரத்தில், நான் செய்யாத ஒன்றுக்காக நானே துப்பறிய வேண்டியதாகப் போய்விட்டது.

பிடிப்பதற்கும் ஒரு தடை. அது போகிற நேரம் நான் தொழுகைப் பாயில் நிற்கிற நேரம். மஃரிப் பிந்தித் தொழக்கூடிய தொழுகை இல்லை, கெமராவைப் பார்த்துவிட்டு ஆறுதலாகத் தொழலாம் என்றால் அதற்குரிய நேரம் மிகக் கொஞ்சம். கெமராவுக்காகத் தொழுகையைப் பிந்தவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே காத்திருந்தேன். பெண்களுக்கு மாதத்தில் சில நாட்கள் தொழுகை இல்லை. அந்த நாட்கள் வந்தன. வழமையாக அந்த நாட்களில் வாங்கு சொன்னதும் நான் குசினிக்குள் ஒதுங்கிவிடுவேன். இந்த முறை ஹோலில் குந்தினேன்.

பின்னேரமே டி.வி. அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, ரவுட்டரை என் பக்கம் திருப்பி வைத்தேன். நாலைந்து பச்சை விளக்குகள் பத்திக்கொண்டிருந்தன. தேத்தண்ணீர்க் கோப்பையோடு பாயைப் போட்டு அதன் முன்னால் இருந்தேன். உம்மா தன் மூலையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தப் பாக்குறாய்?" என்றார்.

"லைட்டப் பாக்குறன்."

"லைட்டுல என்னடி இரிக்கி? இஞ்ச பாரு, இவள் மாமியாருக்கிட்ட மாட்டப் போறாள்."

நாடகத்தில் மருமகள் மாட்டுவதற்குள் பள்ளியில் வாங்கு சொல்லத் தொடங்கியது. உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டார். கதிரையிலிருந்து எழும்பினார். ரிமோட் அவருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, அதைத் தொடவில்லை. குனிந்து, சுவரில் இருந்த சுவிச்சைத் தட்டினார்.

டி.வி. அணைந்தது. என் முன்னால் இருந்த பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன.

உம்மா வுழு எடுக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் அந்தக் கறுத்த பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். பல துளையுள்ள நீட்டு வயர் ஒன்று, அதில் டி.வி., டிஷ் பெட்டி, ரவுட்டர். மூன்றுக்கும் சுவரில் ஒரே சுவிச். கெமராக்காரர் ரவுட்டரை இடம் இருந்த துளையில் பூட்டிவிட்டார். வாங்கு சொன்னால் டி.வி.யை நிறுத்துவது எங்கள் ஊரில் மூச்சு விடுவது மாதிரி. அதை யாரும் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. ஒவ்வொரு நாளும் உம்மா அதைச் செய்கிறார், ஒவ்வொரு நாளும் நான் அந்தச் சுவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முகம் கழுவப் போகிறேன். இஷா தொழுது முடித்து மிச்ச நாடகம் பார்க்க வரும்போது சுவிச்சைத் திரும்பப் போடுகிறார். மற்ற வாங்குகளின்போது உம்மா டி.வி.க்கு முன்னால் இருப்பதில்லை, இரவில் நாடகம் முடிந்தால் ரிமோட்டால் நிறுத்துவது நான். கம்பனிப் பிள்ளை சொல்லித் தந்த வைத்தியத்தை உம்மா நாள் தவறாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் சிரித்தேன். நல்ல சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்பில் வந்த கண்ணீர் இல்லை.

உம்மா தொழுது ஓதி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன். "ஏன் உம்மா ரிமோட்டால நிப்பாட்டினா என்ன?"

"அதால நிப்பாட்டினா நிக்கிறயா?" என்றார் உம்மா. "கீழ செவத்த லைட்டு பத்திக்கொண்டுதானே இரிக்கி. அது முழிச்சிக்கொண்டு கிடக்கு, மகள். வாங்கு செல்லக்குள்ள அது ஊட்டுக்குள்ள முழிச்சிக்கொண்டு கிடக்கப்படா."

செவத்த லைட் உண்மையாகவே பத்திக்கொண்டுதான் இருக்கும்.

ரவுட்டரும் அதோடு நின்றுவிடுகிறது, கெமராவும் நின்றுவிடுகிறது என்று விளக்கினேன். உம்மா முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கெமராவைப் பார்த்தார். "மருமகன் ஏதும் ஏசினாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல உம்மா. அவர் என்னத்துக்கு ஏசப்போறார்?"

உம்மா அதை நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். "நான் இனி நாடகம் பாக்கல்ல" என்றார். அப்போது எனக்குக் கணவர் மேல் வந்த கோபத்தை விட உம்மா மேல் வந்த இரக்கம் பெரிதாக இருந்தது. நாடகமும் பாருங்கள், சுவிச்சையும் தட்டுங்கள், எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி, பிரிட்ஜ் பூட்டியிருக்கிற சுவருக்கு இழுத்து, அங்கே பூட்டினேன். சரியான வேலை அவ்வளவுதான். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை.

அவருக்கு உடனே சொல்லவில்லை. அவரே காணட்டும் என்று இருந்தேன்.

அடுத்த நாள் வாங்கு சொன்னது. உம்மா எழும்பிச் சுவிச்சைத் தட்டினார், டி.வி. அணைந்தது, பச்சை விளக்குகள் அசையாமல் நின்றன. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹோல் நடுவில், கெமராவுக்கு நேரே ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். குசினிக்குப் போகவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்ற எண்ணம்தான். உம்மா அறைக்குள் தொழுது முடித்து ஓதத் தொடங்கியபிறகு போன் அடித்தது. வீடியோவில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இண்டைக்குப் போகல்ல புள்ள! மூண்டும் நல்லா நிக்கிது. என்ன செஞ்ச?"

நடந்ததைச் சொன்னேன். நீட்டு வயர், ஒரே சுவிச், உம்மாவின் செவத்த லைட், எல்லாம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அல்லாஹ்வே, மாமியா? வாங்குக்கா?" என்றார். பிறகு கையை முகத்தில் தடவி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நெஞ்சின் அடியிலிருந்து வந்த அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் வெளியே வந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் அப்படித்தான் சொல்லுவோம். ஒரு சுவிச்சுக்கு அது தேவையில்லை.

"எனக்கு இத்தன நாளா ஒழுங்கா நித்திரையும் இல்ல, புள்ள. இப்பத்தான் மனசு ஆறுது" என்றார்.

சொன்ன பிறகு அது தன் வாயால் வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு முகத்திலேயே நின்றது, கண்ணில் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. நேற்றே வந்து முடிந்துவிட்டது. கோபத்தோடு கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளிலிருந்து வாய்க்குள் வைத்திருந்த கேள்வி, வெளியே வரும்போது மிகச் சாதாரணமாக வந்தது.

"நீங்க என்னெண்டு நெனச்சிக்கொண்டிரிந்த, மச்சான்?"

அவர் முகம் அப்படியே நின்றது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. லைன் போய்விட்டது, படம் உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது. ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தேன், பச்சை விளக்குகள் எல்லாம் பத்திக்கொண்டிருந்தன. போனைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் கட்டில் கம்பியில் தொங்கிய சட்டை ஃபேன் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.